வெள்ளம் வடியக் காத்திருந்த அண்ணி

என் அண்ணி காசில்டா யாருக்கும் அடங்கி நடந்தவள் இல்லை. என் அண்ணனுக்கு அடங்கவில்லை, பாதிரியாருக்கு அடங்கவில்லை, காத்தூன் கரையில் தாருக்கு ஒரு சீப்பைக் குறைத்துச் சொல்லும் வாழைக்காய் வியாபாரிகளுக்கும் அடங்கவில்லை. சாக்ரஸ் ஆற்றுக்கு மட்டும் கொஞ்சம் மரியாதை கொடுப்பாள். அதுவும் மழைக்காலத்தில்தான்.

எங்கள் பல்மரீத்தோவில் ஆண்களில் பாதிப் பேர் ரயிலை நம்பிப் பிழைத்தார்கள். அவள் தோணியை நம்பிப் பிழைத்தாள். ஒற்றை மரத்தில் குடைந்த தோணி, முன்னும் பின்னும் வாழைத்தார்கள், நடுவில் அவள், வாயில் சுருட்டு. சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் விட்டுத்தான் புகைப்பாள். ஆற்றுக் காற்றும் துடுப்பின் தெறிப்பும் அணைத்துவிடாமல் இருக்க எங்கள் ஊர்ப் பெண்கள் அப்படித்தான் புகைப்பார்கள். பார்க்கிறவனுக்குத்தான் நாக்கு சுடும். ஆற்றின் நிறம் மாறினாலோ, நுரை தடித்தாலோ, சின்ன மீன்கள் கரையோரம் ஒதுங்கினாலோ, தண்ணீர் எப்போது ஏறும், யார் வீட்டுப் படிவரை வரும் என்று சொல்லிவிடுவாள். அவள் சொன்னது பிசகி நான் பார்த்ததில்லை.

அண்ணன் லிபோரியோ பிரெஞ்சுக்காரர்கள் கால்வாய் வெட்ட வந்த காலத்தில் மண்சரிவில் போனான். மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்து, மறுபடி மண்ணுக்குள்ளேயே வைத்தோம். ஆற்றங்கரைக் கல்லறைத் தோட்டத்தில், தாழ்வான பக்கத்தில். கொஞ்ச காலத்தில் பிரெஞ்சுக்காரர்களும் பணத்தைத் தொலைத்து, தங்கள் ஆட்களைத் தொலைத்து, இயந்திரங்களைத் துருப்பிடிக்க விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அண்ணி மட்டும் ஞாயிறு பூசை முடிந்தால் நேராக அண்ணனிடம் போய்விடுவாள். சிலுவைக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்து வாரத்துக் கதை முழுவதையும் அவன்மீது கொட்டுவாள். எந்த வியாபாரி ஏமாற்றப் பார்த்தான், எந்தக் கோழி காணாமல் போனது, நான் எவ்வளவு பெரிய சோம்பேறி, எல்லாம்.

"உயிரோட இருந்தப்ப நான் வாயத் தொறந்தாலே எந்திரிச்சு வெளிய போயிடுவாரு. இப்ப எங்க போறாருன்னு பாக்கலாம்" என்பாள்.

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் ஒரு ஞாயிறு காய்ச்சலில் போக முடியாமல் கிடந்தபோது, அவள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். அவளுக்குப் பிள்ளை இல்லை. மனம்விட்டுப் பேச அந்தச் சிலுவையை விட்டால் வேறு ஆள் இல்லை.

வெள்ளம் எங்களுக்குப் புதிதல்ல. அண்ணி கையை உயர்த்தினால் போதும், ஊரே சாமான்களை உத்தரத்தில் கட்டிவிடும். பாய், பெட்டி, சோளமூட்டை, மாதாவின் சொரூபம், எல்லாம் கூரைக்கடியில் தொங்கும். பிறகு கோழிகளைக் கூடையில் போட்டுக்கொண்டு சிலுவைக் குன்றில் ஏறி உட்கார்ந்துவிடுவோம். பெரிய பானையில் கோழியும் கிழங்கும் வேகும். சின்னஞ்சிறுசுகளுக்கு அது திருவிழா. கீழே ஆறு, மரங்களைப் புரட்டிக்கொண்டு, வீட்டுக்குள் புகுந்து, கல்லறைத் தோட்டத்தின் மேலேறிப் போகும். சில நாளில் வடிந்துவிடும். பெண்கள் முதல் வேலையாகக் கல்லறைகளுக்குப் போய்ச் சிலுவைகளில் ஒட்டிய சேற்றைக் கழுவிச் சுண்ணாம்பு பூசுவார்கள். செத்தவர்கள் குளித்தாயிற்று என்பார்கள். அதன் பிறகுதான் உயிரோடிருப்பவர்களின் வீட்டுக்குத் துடைப்பம்.

நான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒற்றை நாற்காலி போட்டு முடிவெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நவம்பரில், கொலோன் நகரத்துக்கு உப்பு வாங்கப் போன அண்ணி, திரும்பி வந்து மூட்டையை என் நாற்காலியில் இறக்கினாள்.

"தம்பி, நாடு மாறிடுச்சாம்."

"எந்த நாடு?"

"நம்ம நாடுதான். இனிமே நாம கொலம்பியா இல்லையாம். பனாமாவாம்."

"யாரு சொன்னா?"

"துறைமுகத்துல ஒரு அமெரிக்கக் கப்பல் நிக்குது. பீரங்கிய கரைப் பக்கம் திருப்பி வச்சுக்கிட்டு. வேற யாரு சொல்லணும்?"

"அப்புறம் நீங்க என்ன பண்ணீங்க?"

"உப்பு வாங்கினேன். வெல ஏறிடுச்சு."

அவ்வளவுதான் எங்கள் விடுதலை. அந்தக் கையோடு புதிய அரசாங்கம், ஆற்றையும் அதன் இரு பக்கத்து நிலத்தையும் ஒரு பட்டையாக நறுக்கி அமெரிக்காவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. பத்து வருடத்துக்கு, இருபது வருடத்துக்கு அல்ல. என்றென்றைக்கும் என்று. அந்தப் பட்டைக்கு நடுவில் நாங்கள். வீட்டுப் படியை விட்டு இறங்காமலே மூன்று கொடிக்குக் கீழே இருந்துவிட்டோம். இதையெல்லாம் திரும்பச் சொல்வதற்கே எனக்கு அலுப்பாக இருக்கிறது. கேட்கிறவர்கள் எப்போதும் கால்வாயைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம் என்று.

பாதியில் நின்ற கால்வாயை வெட்ட வந்த அமெரிக்கர்கள் முதலில் கொசுவைத் துரத்தினார்கள். குட்டைகளில் எண்ணெய் ஊற்றினார்கள், தண்ணீர்ப் பீப்பாய்க்கு மூடி இல்லையென்றால் அபராதம் போட்டார்கள். காய்ச்சல் குறைந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். சம்பளம் வாங்க இரண்டு சன்னல் வைத்தார்கள். அவர்களுக்குத் தங்கக் காசு கொடுக்கிற சன்னல், எங்களைப் போன்றவர்களுக்கும் தீவுகளிலிருந்து வந்த கறுப்பர்களுக்கும் வெள்ளிக் காசு கொடுக்கிற சன்னல். தண்ணீர் குடிக்கும் குழாய்கூட அப்படியே தனித்தனி. ஆனால் தாடி எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் வளர்கிறது, அதனால் என் நாற்காலிக்கு மட்டும் எல்லோரும் வந்தார்கள்.

அப்படி வந்த ஓர் அமெரிக்க மேற்பார்வையாளன்தான் முதலில் சொன்னான். சோப்பு நுரைக்குள்ளிருந்து, உடைந்த எங்கள் மொழியில்.

"நல்ல ஊரு உங்க ஊரு. பாவம், ஏரிக்கு அடியில போகப் போகுது."

"எந்த ஏரி?"

"வரப்போற ஏரி."

கழுத்தை என் கத்திக்குக் கீழே நீட்டிக்கொண்டு, என் ஊரை மூழ்கடிக்கப் போவதாக ஒருவன் சொல்கிறான். அவன் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. ஊர் தப்பும் என்ற நம்பிக்கை எனக்கு அந்த இடத்திலேயே போய்விட்டது. மறுவாரம் ரயிலேறிக் காத்தூனுக்குப் போய், கால்வாய்க்காக ஆற்றுக்குக் குறுக்கே அவர்கள் கட்டிக்கொண்டிருந்த அணையைப் பார்த்துவிட்டு வந்தேன். அண்ணி தோணிக்குத் தார் பூசிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ரெண்டு மலைக்கு நடுவுல மூணாவது மலைய வச்சு அடைச்சிருக்கான்."

"பிரெஞ்சுக்காரனும்தான் கரை கட்டினான். ஒரே மழையில ஆறு அதத் தின்னுட்டுப் போகலையா?"

"இது வேற மாதிரி. நீங்க வந்து ஒரு தடவ பாருங்க."

"வர்றப்ப எல்லாருமே வேற மாதிரிதான் வர்றாங்க தம்பி. போறப்ப பாரு, ஒரே மாதிரிதான் மூட்ட கட்டுவாங்க. நீ சிரைக்கிற வேலையப் பாரு."

அவள் வெளியூர்க்காரர்கள் வந்து போனதை ஏற்கெனவே பார்த்தவள். நான் என்ன சொல்லி நம்ப வைப்பது?

கடைசியில் ஊரைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கோயில் முற்றத்தில் ஓர் அதிகாரி குதிரையைவிட்டு இறங்காமலே பேசினார். பக்கத்தில் பனாமா நகரத்திலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளன், கழுத்துப்பட்டி கட்டி, வியர்த்து வழிந்துகொண்டு.

"தண்ணி கோயில் கூரைக்கு மேல வரும்னு சொல்றாரு."

அண்ணி முன்னால் போய் நின்றாள். "வரட்டும். எப்ப எறங்கும்னு கேளு."

அவன் கேட்டான். அதிகாரி சுருக்கமாக ஏதோ சொன்னார்.

"எறங்காதாம்மா."

முற்றம் முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஆனால் அவர்கள் சிரித்ததில் தப்பும் இல்லை. இறங்காத தண்ணீரை எங்கள் ஊரில் யார் பார்த்திருக்கிறார்கள்?

"தம்பி, உன் தொரைக்கு ஆறுன்னா என்னன்னு யாரும் சொல்லிக் குடுக்கலையா? வீட்ல வாளியில குளிச்சு வளந்தவரு போல" என்றாள் அண்ணி. மொழிபெயர்ப்பாளன் இதை மொழிபெயர்க்கவில்லை.

பிறகு அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்று சொன்னான். செத்தவர்களை எடுத்துப்போக விரும்புகிறவர்களுக்குப் பெட்டி தருவார்கள், ரயிலில் ஏற்றிப் புது ஊரில் புதைக்க இடமும் தருவார்கள். அத்துடன் சிரிப்பு நின்றது. ஆட்களெல்லாம் அண்ணியைப் பார்த்தார்கள். அண்டை வீட்டு மாக்சிமினா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மாக்சிமினாவின் ஒரே மகள் போன மழைக்காலத்தில்தான் செத்திருந்தாள். சிலுவையின் சுண்ணாம்புகூட மங்கவில்லை.

"நான் என்னக்கா செய்யட்டும்? எடுத்துடட்டுமா?"

"தூங்கற புள்ளைய ஏன்டி எழுப்பற? நம்ம செத்தவங்க மேல வெள்ளம் எத்தன தடவ போயிருக்கு. ஒருத்தராவது எந்திரிச்சு ஓடினாங்களா? நாம மேல ஏறி நிப்போம். வடிஞ்சதும் எறங்கி வந்து செலுவயக் கழுவிக் குடுப்போம்."

வெள்ளத்துக்குப் பயந்து எலும்பைத் தோண்டுவது எங்களுக்குப் பெரிய மானக்கேடு. பெட்டி வாங்கியவர்கள் சிலர்தான், அதுவும் தலையைக் குனிந்துகொண்டு. அன்று மாலை நான் அண்ணியிடம் சண்டைக்குப் போனேன்.

"மத்தவங்க எப்படியோ போகட்டும். அண்ணன நான் எடுத்துட்டுப் போறேன். அவன் என் கூடப் பொறந்தவன்."

"நீ அவரோட பொறந்தவன். நான் அவரோட சண்ட போட்டவ. உரிம எனக்குத்தான்."

"தண்ணி வடியாதுன்னா அப்புறம் என்ன பண்ணுவீங்க? யார்கிட்டப் போய்ப் பேசுவீங்க?"

சுருட்டை வாயிலிருந்து எடுத்தாள். "வடியும் தம்பி" என்றாள். கெஞ்சுகிற மாதிரி இருந்தது குரல். விதவை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கொழுந்தன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. விட்டுவிட்டேன்.

பாதி ஊர் ரயிலேறியது. மீதிப் பாதி வழக்கம்போலச் சாமான்களை உத்தரத்தில் கட்டிவிட்டுக் குன்றில் ஏறியது. நானும் ஏறினேன். அவளை அங்கே தனியாக விட்டுவிட்டு நான் எங்கே போவது? முதல் நாள் கோழியும் கிழங்கும் வெந்தன. கிண்டலும் கேலியும் இருந்தன. தண்ணீர் வந்தது. ஆனால் அது எங்களுக்குத் தெரிந்த மாதிரி வரவில்லை. இரைச்சல் இல்லை, நுரை இல்லை, புரண்டு வரும் மரம் இல்லை. தெளிவாக, மெல்ல, புல்லின் நுனியை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு ஏறியது. அண்ணி கரையில் ஒரு குச்சியை நட்டாள். மறுநாள் குச்சியைக் காணோம். கொஞ்சம் மேலே இன்னொன்று நட்டாள்.

"இது ஆத்துத் தண்ணி மாதிரியே இல்ல தம்பி. திருடன் மாதிரி வருது" என்றாள்.

கல்லறைத் தோட்டத்தில் தாழ்ந்த பக்கத்துச் சிலுவைகள்தான் முதலில் போயின. அண்ணனுடையது அவற்றில் ஒன்று. அண்ணி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் எங்கள் வீட்டுப் படிகளைத் தொடும் முன்பே ஒரு படகில் ஆட்கள் வந்தார்கள். கூலிக்காரர்கள்தான், எங்களைப் போலவே வெள்ளிச் சன்னலில் நிற்பவர்கள். வீடு வீடாக மண்ணெண்ணெய் தெளித்துக் கொளுத்தினார்கள். ஓலைக்கூரை பிடிக்க எவ்வளவு நேரம்? தண்ணீருக்குத் தப்ப நாங்கள் மேலே கட்டிவைத்ததெல்லாம் நெருப்புக்கு வாகாகப் போய்விட்டது. பாயும் பெட்டியும் மாதா சொரூபமும் குன்றிலிருந்து நாங்கள் பார்க்கப் பார்க்க எரிந்தன. ஒரு பெண் கத்திக்கொண்டு கீழே ஓடினாள், இரண்டு பேர் பிடித்து நிறுத்தினார்கள்.

"முழுகப் போற ஊருக்கு எதுக்கு தம்பி நெருப்பு வைக்கறான்?"

"நாம திரும்பி வரக்கூடாதுன்னுதான், அண்ணி."

குன்றின் தலையும் ஈரமாகத் தொடங்கியபோது நீராவிப் படகு வந்து எங்களைக் கோழிக்கூடைகளோடு ஏற்றிக்கொண்டு போனது. சிலுவைக் குன்று என்று இப்போது எதுவும் கிடையாது.

புது ஊர் ஒரு செம்மண் சரிவு. ஒரே அளவு வீடுகள், தெருமுனையில் குழாய், ஆறு இல்லை. வாழை வைத்தால் பழுத்த இலையோடு நின்றது. அண்ணி வாசலில் உட்கார்ந்து, ஏரிப் பக்கமிருந்து வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, தண்ணி எறங்குதா என்று கேட்டாள். முதலில் பதில் சொன்னார்கள். பிறகு கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் அவள் கால் பழக்கத்தில் கொஞ்சதூரம் நடக்கும். பிறகு நிற்கும். திரும்பி வந்து என்னிடம் பேச உட்காருவாள், இரண்டு வார்த்தையில் பேச்சு தீர்ந்துவிடும். நான் நாற்காலி இல்லை, கத்தி இல்லை, வேலை இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தவன். எனக்கு அண்ணனைப் போலச் சும்மா கிடந்து கேட்கத் தெரியாது.

மாக்சிமினா அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். குழாயடியில் ஒரு நாள் மட்டும், குடத்தைத் தூக்கிக்கொண்டே, "உங்க வார்த்தைய நம்பினேன்க்கா" என்றாள். ஏசியிருந்தால்கூட அண்ணி தாங்கியிருப்பாள்.

அடுத்த கல்லறைத் திருநாள் வந்தது. கால்வாய் திறந்து கப்பல்கள் போய்வரத் தொடங்கியிருந்தன. பெட்டி வாங்கியவர்கள் புதுக் கல்லறைத் தோட்டத்துக்குப் பூவும் மெழுகுவத்தியுமாகப் போனார்கள். மாக்சிமினா எங்கள் வாசலில் வந்து நின்றாள், கையில் சாமந்தி.

"ஆறு உங்களுக்குத்தானே தெரியும். என் மக இருக்கற எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

அண்ணி எழுந்த வேகத்தைப் பார்த்து எனக்கே தெம்பு வந்தது. தோணி ஒன்று இரவல் வாங்கினோம், மூன்று பேரும் போனோம். நடு ஏரிக்கு வந்ததும் அண்ணி துடுப்பை நிறுத்திக் கையைத் தண்ணீருக்குள் விட்டாள். ஆறு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்தால் வளைவு தெரியும், வளைவு தெரிந்தால் கல்லறைத் தோட்டம் தெரியும். அவளுக்கு வேறு அடையாளமே வேண்டியதில்லை. கையை எடுத்தாள், கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி விட்டாள். கப்பல் வழிக்காக மரங்களையெல்லாம் வெடிவைத்து அகற்றியிருந்தார்கள். நான்கு பக்கமும் ஒரே வெளிச்சம், ஒரே தண்ணீர். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இந்தப் பக்கம் போனோம், அந்தப் பக்கம் போனோம்.

"இங்கயாக்கா?" என்றாள் மாக்சிமினா.

"இருடி."

"இங்கயா?"

"கொஞ்சம் இரு. இழுக்கும்."

அப்போது தோணி அசைந்தது. அடியில் ஏதோ தூக்கித் தள்ளியது. அண்ணியின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "பாத்தியா, இழுக்குது! செத்துப் போகல அது. இந்தப் பக்கம்தான், இந்தப் பக்கம்தான்" என்று துடுப்பை வீசி வலித்தாள். அந்த வயதில், அத்தனை வேகம்.

எனக்கு அவள் முதுகுக்குப் பின்னால் இருப்பது தெரிந்தது. தூரத்தில் ஒரு கப்பல், எங்கள் பழைய கோயிலைவிட உயரம், புகை விட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. மேல்தட்டில் தொப்பி வைத்தவர்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். அலை இன்னொன்று வந்தது, அதைவிடச் சின்னதாக மற்றொன்று. அப்புறம் ஒன்றும் இல்லை. அண்ணி துடுப்பை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். கப்பல் மறையும்வரை பார்த்தாள்.

மாக்சிமினா மகளின் பேரைச் சொல்லிப் பூவைத் தண்ணீரில் போட்டாள். ஆற்றில் போட்டிருந்தால் அது கடலைப் பார்த்துப் போயிருக்கும். இங்கே போட்ட இடத்திலேயே நின்றது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணியின் முழங்காலைத் தொட்டாள்.

"நீங்க அண்ணன்கிட்ட பேசுங்கக்கா. எவ்வளவு நாளாச்சு."

அண்ணி வாயைத் திறந்தாள். வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள், குனிந்து தோணிக்கு அடியில் பார்த்தாள்.

"எந்தப் பக்கம் பாத்துப் பேசறது தம்பி?"

அவள் கையிலிருந்த துடுப்பை வாங்கி, கரைப் பக்கமாகத் தோணியைத் திருப்பினேன்.